புது ஐபி போன் சிஸ்டம் வந்தாச்சு... ஃபேக்ஸ், மோடம், லிஃப்ட் போன் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது?

80 அறைகள் கொண்ட ஒரு ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷமாக ஓடிய பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, சனி, ஞாயிறில் புது ஐபி போன் சிஸ்டம் மாட்டியாகிவிட்டது. திங்கள்கிழமை காலை ரிசப்ஷனில் கலர் ஸ்கிரீன் போன் பளபளக்கிறது. பேசினால் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி தெளிவு. முதலாளிக்கும் சந்தோஷம், மாட்டிக் கொடுத்தவருக்கும் சந்தோஷம்.

பதினோரு மணிக்கு முதல் புகார் வருகிறது. வெளியே அனுப்பிய ஃபேக்ஸ் பாதியில் நின்றுவிட்டது. அடுத்து, ஃபயர் அலாரம் பேனலில் போன் லைன் பழுது என்று மஞ்சள் விளக்கு எரிகிறது. மூன்றாவது மாடியில் நான்கு அறைகளில் போனை எடுத்தால் பேச முடிகிறது, ஆனால் மணி மட்டும் அடிக்க மாட்டேன் என்கிறது. லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போனைப் பற்றி மட்டும் யாரும் எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஏனென்றால், அதை யாரும் எடுத்தே பார்க்கவில்லை.

ஹோட்டல் கற்பனைதான். ஆனால், காப்பர் லைனை விட்டு இன்டர்நெட் வழி போனுக்கு மாறும் எந்தக் கட்டடத்திலும் இது நடக்கலாம். பிரிட்டனில் ஒரு நாடே இந்தச் சிக்கலில் மாட்டியது.

பிரிட்டனில் என்ன நடந்தது?

அங்கே பழைய தொலைபேசி வலைப்பின்னலை 2025 டிசம்பருக்குள் முழுவதுமாக மூடிவிட்டு, எல்லா லேண்ட்லைன்களையும் பிராட்பேண்ட் வழிக்கு மாற்றுவது என்பது திட்டம். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய பிரச்னை இல்லை.

சிக்கல் வந்தது முதியவர்களுக்கு. தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு சிறிய பட்டன் மாட்டியிருப்பார்கள். கீழே விழுந்துவிட்டால் அதை அழுத்தினால் போதும். வீட்டில் இருக்கும் பெட்டி தானாகவே போன் லைனில் டயல் செய்து உதவி மையத்துக்குத் தகவல் சொல்லிவிடும். சுமார் 18 லட்சம் பேர் இந்தச் சேவையை நம்பி இருக்கிறார்கள். லைன் மாறிய சில வீடுகளில் பட்டனை அழுத்தியும் அழைப்பு போய்ச் சேரவில்லை. மோசமான சம்பவங்கள் நடந்திருப்பதாக 2023 டிசம்பரில் அரசே ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர் விருப்பம் இல்லாமல் லைனை மாற்றுவதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறுத்தி வைத்தன. பிறகு, கடைசித் தேதியும் 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளிப்போனது.

மனுஷன் பேசினால் கேட்கிற அதே லைனில், மெஷின் பேசினால் மட்டும் ஏன் கேட்பதில்லை?

போன் ஒயர் என்ன செய்துகொண்டிருந்தது?

பழைய அனலாக் போனுக்குத் தனியாக பிளக் பாயின்ட் கிடையாது. கரன்ட் போனாலும் அது வேலை செய்யும். காரணம், அந்த இரண்டு மெல்லிய காப்பர் கம்பிகள் வழியாக எக்ஸ்சேஞ்சில் இருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ரிசீவரை எடுத்ததும் அதில் கரன்ட் ஓடும். 'ஆள் எடுத்துவிட்டார்' என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவது அப்படித்தான். மணி அடிக்க வேண்டுமென்றால் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி மின்சாரத்தை அதே கம்பியில் அனுப்பும். மணி அடிக்கும் நேரத்தில் வெறும் கையால் ஒயரைத் தொட்ட லைன்மேன்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

ஐபி சிஸ்டத்தில் இந்த 48 வோல்ட்டும் இல்லை, மணிக்கான மின்சாரமும் இல்லை. நெட்வொர்க் கேபிளில் வருவது டேட்டா பாக்கெட்டுகள். அதனால் பழைய போனுக்கும் புது சிஸ்டத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி தேவைப்படுகிறது. ஒன்று, இரண்டு போன்களுக்கான சின்னப் பெட்டியை ஏடிஏ அல்லது அனலாக் அடாப்டர் என்பார்கள். ஹோட்டல் மாதிரி 24 போன், 48 போன் மாட்ட வேண்டிய இடத்தில் வைப்பது கேட்வே. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: போன் பக்கம் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடிப்பது, நெட்வொர்க் பக்கம் ஐபி போன் மாதிரி நடிப்பது.

இங்கே இரண்டு பெயர்கள் எல்லோரையும் குழப்பும். எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ. போனுக்கு மின்சாரமும் டயல் டோனும் கொடுப்பது எஃப்எக்ஸ்எஸ் போர்ட். வெளியில் இருந்து வரும் டெலிபோன் லைனை வாங்கிக்கொள்வது எஃப்எக்ஸ்ஓ போர்ட். ஃபேக்ஸ், மோடம், அறை போன் எல்லாம் எஃப்எக்ஸ்எஸ் பக்கம். தெரியாத்தனமாக வெளி லைனை எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டில் செருகினால் போர்ட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு.

பழைய இபிஏபிஎக்ஸ் இருக்கும் இடங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த கம்பெனியின் டிஜிட்டல் போனுக்கான சாக்கெட்டும் சாதாரண போன் சாக்கெட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிஜிட்டல் சாக்கெட்டில் மோடத்தையோ ஃபேக்ஸையோ மாட்டினால் வேலை செய்யாது என்பது மட்டுமல்ல, மெஷினே பழுதாகலாம். எந்த சாக்கெட் அனலாக் என்று தெரியவில்லை என்றால், ஒரு சாதாரண பழைய போனை மாட்டிப் பாருங்கள். டயல் டோன் வந்தால் அது அனலாக்.

மணி அடிக்காத மூன்றாவது மாடி

இந்தக் கணக்கு எளிது. சின்ன அடாப்டர் ஒரு போர்ட்டில் பொதுவாக மூன்று முதல் ஐந்து போன்களுக்கு மணி அடிக்கும் அளவுக்குத்தான் சக்தி கொடுக்கும். அதுவும் கேபிள் குட்டையாக இருந்தால். ஹோட்டலில் எப்போதோ யாரோ ஒரே லைனில் இருந்து படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று என்று இழுத்திருப்பார்கள். கேபிளும் கீழ்த்தளத்தில் இருந்து மூன்று மாடி சுற்றி வரும். பேசுவதற்கான மின்சாரம் கிடைத்துவிடும், மணிக்கானது கிடைக்காது.

ஒரு போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். தீர்வு: அந்த அறைகளுக்குத் தனித்தனி போர்ட், அல்லது நீண்ட கேபிளுக்கென்றே வரும் கேட்வே. செட்டிங்கில் 'நாடு' என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்வு செய்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மணியின் தாளம், டயல் டோன், பிஸி டோன் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அறை போனில் மெசேஜ் வந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், அதற்கும் கேட்வேயில் தனி செட்டிங் உண்டு. பழைய வகை விளக்குக்கு 90 வோல்ட் அளவில் மின்சாரம் வேண்டும். எல்லா கேட்வேயும் அதைக் கொடுப்பதில்லை. வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

காதுக்கு உபகாரம், மெஷினுக்கு உபத்திரவம்

அடுத்துதான் விஷயத்தின் மையம். ஐபி சிஸ்டம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லி செகண்டுக்கு ஒன்று என்று பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அதாவது நொடிக்கு 50 பொட்டலங்கள். வழியில் ஒன்றிரண்டு காணாமல் போகும், சில தாமதமாக வரும். இதையெல்லாம் மனிதக் காது கண்டுபிடிக்காதபடி சமாளிக்க சிஸ்டத்தில் பல தந்திரங்கள் இருக்கின்றன.

யாரும் பேசாதபோது பொட்டலம் அனுப்புவதை நிறுத்திவிடும். தொலைந்த பொட்டலத்துக்குப் பதிலாக முந்தைய சத்தத்தையே கொஞ்சம் இழுத்து நிரப்பும். எதிரொலியை வெட்டிவிடும். ஜி.729 போன்ற சுருக்க முறைகளோ, மனிதத் தொண்டை எப்படிச் சத்தம் எழுப்பும் என்ற கணக்கை வைத்து 64 கிலோபிட் குரலை 8 கிலோபிட்டாகச் சுருக்கிவிடும்.

எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்யும் உதவிதான். ஆனால் ஃபேக்ஸுக்கும் மோடத்துக்கும் தொண்டை கிடையாது. 'கீய்ங்... க்ர்ர்ர்' என்று அவை எழுப்புவது குரல் அல்ல, சத்தமாக மாற்றப்பட்ட டேட்டா. அதில் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் அர்த்தம் உண்டு. மோடம் என்ற பெயரே அந்த மாற்றும் வேலையைக் குறிப்பதுதான். தமிழில் இணக்கி என்று ஒரு சொல் வந்து, அகராதியோடு நின்றுவிட்டது. நடுவில் ஒருவர் புகுந்து 'இந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் சரியில்லை, நான் நிரப்பிவிடுகிறேன்' என்று உதவினால் என்ன ஆகும்? உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே என்று மெஷின் கெஞ்சும் நிலைதான்.

அதனால் பழைய மெஷின்களுக்கான கான்ஃபிகரேஷனில் பாதிக்கு மேல், எதையும் புதிதாகச் சேர்ப்பது அல்ல. இருப்பதை ஆஃப் செய்வது.

ஃபேக்ஸுக்கு என்ன செட்டிங்?

ஃபேக்ஸ் என்றாலே பழங்காலம் என்று தோன்றும். உண்மையிலேயே பழசுதான். ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெய்ன் இதற்கான முதல் காப்புரிமையை வாங்கியது 1843-ல். தொலைபேசிக்கு கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கியது 1876-ல். போனைவிட ஃபேக்ஸ் 33 வருஷம் மூத்தது! அவ்வளவு சீக்கிரம் போகவும் மாட்டேன் என்கிறது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் புதிதாக ஃபேக்ஸ் மெஷின் வாங்கவே கூடாது என்று 2018 டிசம்பரில் தடை போட்டார்கள். அப்போது அங்கே கிட்டத்தட்ட 9,000 மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நம் ஊரிலும் பல அரசு அலுவலகக் கடிதத் தலைப்புகளில் தொலைநகல் எண் இன்னும் இருக்கிறது.

ஃபேக்ஸுக்கு இரண்டு வழிகள். முதல் வழி டி.38. 1998-ல் இருந்து இருக்கும் முறை. இதில் ஃபேக்ஸின் சத்தத்தை அப்படியே சுமந்து செல்வதில்லை. கேட்வேயே ஃபேக்ஸ் மொழியைப் புரிந்துகொண்டு, உள்ளே இருக்கும் டேட்டாவை மட்டும் எடுத்து, தொலைந்தால் இருக்கட்டும் என்று ஒரு நகலும் சேர்த்து அனுப்பும். அந்தப் பக்கம் இன்னொரு கேட்வே அதை மறுபடி சத்தமாக்கி மெஷினுக்குக் கொடுக்கும். வேலை செய்தால் இதுதான் நல்லது. ஆனால் ஏடிஏ, நடுவில் இருக்கும் போன் சிஸ்டம், வெளி லைன் தரும் நிறுவனம் ஆகிய மூன்றிலும் டி.38 இருக்க வேண்டும். சாதாரண அழைப்பாக ஆரம்பித்து, ஃபேக்ஸ் சத்தம் கேட்டதும் நடுவழியில் டி.38-க்கு மாறுவார்கள். மூவரில் ஒருவர் 'எனக்குத் தெரியாது' என்று மறுத்தாலும் பல நேரம் அழைப்பே கட் ஆகிவிடும். 'எங்களிடம் டி.38 இருக்கிறது' என்று சேல்ஸ்மேன் சொல்வதை மட்டும் நம்ப முடியாது.

இரண்டாவது வழி, சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்புவது. ஜி.711 பாஸ்-த்ரூ என்று மெனுவில் இருக்கும். இதைத் தேர்ந்தெடுத்தால், அந்த போர்ட்டுக்கு மட்டும் ஜி.729-ஐ நீக்கி, சைலன்ஸ் சப்ரஷனை ஆஃப் செய்து, ஃபேக்ஸ் டோன் கேட்டதும் எக்கோ கேன்சலர் விலகும்படி வைக்க வேண்டும். வருகிற பொட்டலங்களைச் சேர்த்து வைக்கும் ஜிட்டர் பஃபர், நேரத்துக்கு ஏற்ப சுருங்கி விரியாமல் ஒரே அளவில் நிற்க வேண்டும். பிறகு ஃபேக்ஸ் மெஷினிலேயே வேகத்தை 14,400-ல் இருந்து 9,600-க்கு இறக்க வேண்டும். சூப்பர் ஜி3 என்ற 33,600 வேகம் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். வேகம் குறைந்தால் ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் கூடுதலாகும், அவ்ளோதான்.

பாஸ்-த்ரூவில் இரண்டு பக்கம் ஒழுங்காகப் போகும், பத்துப் பக்கம் அனுப்பினால் நின்றுவிடும். இரண்டு முனைகளிலும் உள்ள கடிகாரங்களின் சின்ன வித்தியாசம் நேரம் போகப் போகச் சேர்ந்துகொண்டே வருவது இதற்கு ஒரு காரணம். முதல் நாள் ஒரு பக்கத்தை அனுப்பிப் பார்த்துவிட்டு 'சரியாயிடுச்சு சார்' என்று சொல்பவரிடம், பத்துப் பக்கம் அனுப்பிக் காட்டச் சொல்வது நல்லது.

இசிஎம் என்ற பிழை திருத்தும் வசதியை ஆஃப் செய்யச் சொல்லிப் பல டெக்னீஷியன்கள் அறிவுரை சொல்வார்கள். அணைத்தால் பக்கம் முழுசாகப் போய்ச் சேர வாய்ப்பு கூடும் என்பது சரி. ஆனால் நடுவில் ஒரு வரி கோடாகவோ கலங்கலாகவோ வந்தால் மெஷின் அதைத் திரும்பக் கேட்காது. கல்யாண மண்டப புக்கிங் என்றால் பரவாயில்லை. மருந்தின் அளவு எழுதிய தாள் என்றால்? மருத்துவமனைகளில் இசிஎம்மை ஆன் செய்து வைத்து, ஃபேக்ஸ் தோற்றால் மறுபடி அனுப்புவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, ஃபேக்ஸ் எண்ணுக்கு வரும் அழைப்பு நேராக அந்த போர்ட்டுக்குப் போக வேண்டும். நடுவில் 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று ஐவிஆர் குரல் வந்தால், அந்தப் பக்கம் இருக்கும் மெஷின் எதை அழுத்தும்? அந்த போர்ட்டில் வாய்ஸ்மெயில் வேண்டாம். கால் வெயிட்டிங் கண்டிப்பாக வேண்டாம். நடுவில் வரும் அந்த 'பீப்' சத்தம் போதும், அனுப்பிக்கொண்டிருந்த பக்கம் போச்சு.

மோடம் இன்னும் வம்பு

ஃபேக்ஸுக்காவது டி.38 இருக்கிறது. மோடத்துக்கு அப்படி எல்லா இடத்திலும் கிடைக்கும் வழி ஒன்றும் இல்லை. ஜி.711-ல் மேலே சொன்ன எல்லாவற்றையும் அணைத்து, வேகத்தையும் முடிந்தவரை இறக்க வேண்டும். 56 கே மோடம் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடலாம். ஜெனரேட்டரோ மீட்டரோ தன் நிலையைச் சொல்ல 2,400 வேகமே போதும்.

மோடம் டயலே செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, வெளி லைனுக்கு முதலில் 0 அல்லது 9 போட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எண்ணுக்கு முன்னால் 0 போட்டு, ஒரு காற்புள்ளி வைத்தால் மோடம் வழக்கமாக இரண்டு நொடி நின்றுவிட்டு மீதியை டயல் செய்யும். இரண்டாவது காரணம் டயல் டோன். புது சிஸ்டத்தின் டோன் வேறு மாதிரி இருந்தாலோ, வாய்ஸ்மெயில் வந்திருப்பதைச் சொல்ல விட்டு விட்டு ஒலித்தாலோ, 'டயல் டோன் இல்லை' என்று மோடம் கையை விரித்துவிடும். ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். 1981-ல் ஹேய்ஸ் கம்பெனியின் மோடத்தோடு வந்த ஏடி கட்டளைகள் இன்னும் வேலை செய்கின்றன.

ஃபயர் அலாரம் பேனல் இதில் தனி ரகம். பல பேனல்கள் தகவலைச் சொல்வது மிகக் குறுகிய டச் டோன்களில். ஐபி சிஸ்டமோ டச் டோனைக் கேட்டால் அதை வெட்டி எடுத்து, 'ஐந்தை அழுத்தினார்' என்று தனிச் செய்தியாக அனுப்பி, அந்தப் பக்கம் புதிதாக உருவாக்கும். அதில் நேரக் கணக்கு பிசகிவிடும். டோனை குரலோடு சேர்த்தே அனுப்பும் 'இன்பேண்ட்' முறைக்கு மாற்றினால் சில நேரம் சரியாகும்.

சில நேரம் என்பதுதான் பிரச்னை. தீ பிடிக்கும் நேரத்தில் 'சில நேரம்' உதவாது. ஃபயர் பேனலை ஏடிஏவில் மாட்டி மணிக்கணக்கில் போராடுவதைவிட, அதற்கு மட்டும் ஒரு பழைய காப்பர் லைனை வைத்துக்கொள்ளலாம். அல்லது, பேனல் தயாரித்த கம்பெனியே தரும் சிம் கார்டு மாட்யூலுக்கு மாறலாம்.

கரன்ட் போனால் லிஃப்ட் போன்?

இப்போது, யாரும் புகார் சொல்லாத அந்த போன்.

லிஃப்ட் போனில் பட்டன்கள் இருக்காது. எடுத்தாலோ, அழைப்பு பட்டனை அழுத்தினாலோ தானாக ரிசப்ஷனுக்குப் போக வேண்டும். பழைய இபிஏபிஎக்ஸில் யாரோ ஒரு டெக்னீஷியன் எப்போதோ செய்துவைத்த 'ஹாட்லைன்' செட்டிங் அது. புது சிஸ்டத்தில் யாரும் சொல்லாவிட்டால் அது வராது. எடுத்தால் வெறும் டயல் டோன் மட்டும் வரும். அந்த போர்ட்டில் ஹாட்லைனை ஆன் செய்து, ரிசப்ஷன் எண்ணைக் கொடுக்க வேண்டும். ரிசப்ஷனில் எடுக்காவிட்டால் செக்யூரிட்டி அறைக்கும் மேனேஜர் செல்போனுக்கும் தாவ வேண்டும். வாய்ஸ்மெயிலுக்கு மட்டும் போகவே கூடாது. லிஃப்ட்டில் மாட்டியவர் 'பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. லிஃப்ட் எப்போது நிற்கும்? பெரும்பாலும் கரன்ட் போகும்போது. அதே நொடியில் ஏடிஏவும் அணையும், மாடியில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சும் அணையும், ஃபைபர் பெட்டியும் அணையும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் ஓடிய பழைய காப்பர் லைனுக்கு இந்தக் கவலை இல்லை. அவசரத்துக்கென்றே வைத்த போன், அவசரத்தில் மட்டும் வேலை செய்யாமல் போவது இப்படித்தான்.

சர்வர் அறையில் யுபிஎஸ் இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். போன் சிஸ்டத்துக்கு இருந்தால் மட்டும் போதாது. லிஃப்ட் போனில் இருந்து ரிசப்ஷன் போன் வரை வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பேட்டரி பேக்கப் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். பிரிட்டனில் லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு, கரன்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க நிறுவனங்களே வழி செய்து தர வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சொல்கிறது. ஐரோப்பிய லிஃப்ட் தரவிதிப்படி, அவசர அழைப்புக் கருவி குறைந்தது மூன்று நாளுக்கு ஒருமுறை தானே டயல் செய்து தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

லைனை வெட்டும் முன்...

இவ்வளவையும் மாட்டிய பிறகு தேடுவதைவிட, பழைய பெட்டியைக் கழற்றும் முன்பே ஒரு பட்டியல் எடுத்துவிடுவது எளிது. பழைய இபிஏபிஎக்ஸில் இருந்து போகும் ஒவ்வொரு ஜோடி ஒயரும் எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டை நம்ப முடியாது. அது பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு முன்னால் டைப் செய்தது. வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், லிஃப்ட் சர்வீஸ் செய்ய வருபவர் ஆகிய மூவரையும் கேட்டால் லிஸ்ட்டில் இல்லாத இரண்டு மூன்று லைன்களாவது கிடைக்கும்.

வெளி லைன் ஒன்றை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பக்கம் பேசியவர் வைத்துவிட்டது சிஸ்டத்துக்குத் தெரியாமல், லைன் மணிக்கணக்கில் பிஸியாகவே தொங்கிக்கொண்டிருக்கும். பிஸி டோனை அடையாளம் காணும் செட்டிங்கில் இந்திய டோன் இருந்தால் இது சரியாகிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. ஆள் குறைவான ஒரு மதிய நேரம் பார்த்து, லிஃப்ட்டைக் கீழ்த்தளத்தில் கதவு திறந்த நிலையில் நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு கட்டடத்தின் மெயின் ஸ்விட்ச்சை அணைக்க வேண்டும். ஜெனரேட்டர் தானாக ஓடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவர் லிஃப்ட்டுக்குள் போய் அவசர போனை எடுத்துப் பேச வேண்டும். அரை மணி நேரம் கழித்து, கரன்ட் வரும் முன்பே இன்னொரு முறை.